போடிமெட்டு ஏற்றத்தில் கொதித்த மாருதி: பழைய காரில் ஹெட் கேஸ்கட் போனதைக் கண்டுபிடிக்கவும் மாற்றவும் முழுமையான வழிகாட்டி

போடிக்குப் பக்கத்து முந்தலைத் தாண்டினால் ஏற்றம் தொடங்கிவிடும். அங்கிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் தினமும் இந்த ரோட்டில் ஏறி இறங்குகின்றன. என்னுடைய 1998 மாடல் மாருதி 800-உம் பல வருஷம் ஏறி இறங்கியதுதான். ஒரு சித்திரை மாத மதியம் 12-வது வளைவில் இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. இன்னும் ஐந்து வளைவுதானே, மேலே டீக்கடையில் நிறுத்திக்கொள்ளலாம் என்று மிதித்தேன். 15-வது வளைவில் முள் தானாகக் கீழே இறங்கியது. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவில்தான் இன்ஜின் போனது.

முள் இறங்கியது சூடு குறைந்ததால் அல்ல, தண்ணீர் தீர்ந்ததால். சென்சாரின் மூக்கு தண்ணீரில் முங்கியிருக்கும் வரைதான் அது சரியான சூட்டைச் சொல்லும். சுற்றிலும் தண்ணீர் இல்லாமல் போனால் வாய்க்கு வந்ததைக் காட்டும். மலையில் முள் ஏறுவதைப் பார்த்துப் பயப்படுகிறோம். காரணம் இல்லாமல் திடீரென்று இறங்குவதற்குத்தான் அதைவிடப் பயப்பட வேண்டும்.

கேரளப் பக்கத்துப் பூப்பாறை வரை ஜீப்பில் கயிறு கட்டி இழுத்துப் போனோம். அங்கே இருந்த மெக்கானிக் ரேடியேட்டரை எட்டிப் பார்த்தார், ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார், "ஹெட் போயல்லோ சேட்டா" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் சொன்னது சரி. ஆனால் ஹெட் கேஸ்கட் சும்மா போவதில்லை. ஏதோ ஒன்று இன்ஜினைச் சூடாக்கியது, அந்தச் சூடு கேஸ்கட்டைக் கொன்றது. அந்த முதல் ஆளைப் பிடிக்காமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் அடுத்த ஏற்றத்தில் புதுக் கேஸ்கட்டும் போகும். அதனால்தான் கழற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றையே கீழே அதிகம் எழுதியிருக்கிறேன்.

நான் சொல்வதெல்லாம் கார்புரேட்டர் 800-ஐ மனதில் வைத்து. 796 சிசி, மூன்று சிலிண்டர், மேலே ஒரே கேம்ஷாஃப்ட், டைமிங் பெல்ட். மற்ற பழைய பெட்ரோல் கார்களுக்கும் முறை ஏறக்குறைய இதேதான். எண்கள் மட்டும் அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருந்து எடுங்கள்.

அந்தத் தகடு என்ன வேலை செய்கிறது

இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கட். அதில் சிலிண்டருக்குப் பெரிய ஓட்டைகள், தண்ணீருக்கும் ஆயிலுக்கும் சிறிய ஓட்டைகள். பெட்ரோல் வெடிக்கும் அழுத்தம், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), ஆயில் மூன்றையும் ஒன்றோடொன்று கலக்க விடாமல் பிரித்து வைப்பதுதான் அதன் வேலை. ஹெட் அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடானால் விரிய இடமில்லாமல் வளைகிறது. வளைந்த இடத்தில் பிடி தளர்கிறது, அந்த இடுக்கில் வெடிப்பழுத்தம் புகுந்து தகட்டை எரிக்கிறது. எந்த இரண்டு வழிகளுக்கு நடுவே எரிகிறதோ அதைப் பொறுத்து அறிகுறி மாறும். ஒருவர் வண்டியில் ஆயில் பால்போல் ஆகிறது, இன்னொருவர் வண்டியில் ஆயில் சுத்தமாக இருந்தும் தண்ணீர் மட்டும் குறைகிறது. இரண்டும் கேஸ்கட்தான்.

முதலில் சந்தேகப்பட வேண்டியவர்கள்

வண்டி கொதித்தாலே ஹெட் போச்சு என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அதற்குள் போவதற்கு முன் ஐந்து விஷயங்களைப் பாருங்கள். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொண்டவர்களை எல்லா மலை ரோட்டிலும் பார்க்கலாம்.

ரேடியேட்டர் மூடி. இதை யாரும் மதிப்பதில்லை. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 1,300 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் அது 115-ஐத் தாண்டும் வரை கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் வாஷர் வெடித்த மூடி கீழே போடியில் ஒன்றும் செய்யாது, மேலே போனால் காலை வாரும். மூடியின் மேல் 0.9 என்பது போல ஓர் எண் பொறித்திருக்கும், அதே எண்ணில் புதிது வாங்கிப் போடுங்கள். சந்தேகமே வேண்டாம், மலிவான பொருள்.

ஃபேன். ஏசியை அணைத்து, வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓட விடுங்கள். சூடு ஏறியதும் ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபேன் சுவிட்சின் இரண்டு வயர்களையும் ஒன்றாக இணைத்துப் பாருங்கள். அப்போது சுற்றினால் சுவிட்ச் போயிருக்கிறது, அப்போதும் சுற்றாவிட்டால் மோட்டார், ஃபியூஸ், ரிலே. ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும்போது ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடையாது. ஃபேன்தான் ஒரே காற்று.

தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைக்கும் வால்வு. நம் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் இதைக் கழற்றி எறிவது ஒரு வழக்கம். என் வண்டியிலும் முன்பு ஒரு கடையில் எனக்குச் சொல்லாமலே எடுத்திருந்தார்கள். எடுத்தால் இன்ஜின் குளிர்ந்தே ஓடும் என்று நினைப்பு. கீழே குளிர்ந்து ஓடிப் பெட்ரோலைக் குடிக்கும் என்பது உண்மை. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பக்கவழியை மூடும். அதை எடுத்துவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். புதிதாக ஒன்று வாங்கி, போடுவதற்கு முன் நூலில் கட்டி அடுப்பில் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். அதில் பொறித்திருக்கும் டிகிரிக்குப் பக்கத்தில் வாய் திறந்தால் நல்லது.

ரேடியேட்டர் அடைப்பு. போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே குழாய்களில் உப்புப் படிந்திருக்கும். இன்ஜின் சூடாக ஓடும்போது ஃபேன் பக்கம் கை போகாமல், ரேடியேட்டரின் முன்பக்கத்தைத் தள்ளி நின்று உள்ளங்கையால் உணர்ந்து பாருங்கள். ஒரு பகுதி சுட்டு, பக்கத்துப் பகுதி சில்லென்று இருந்தால் அங்கே ஓட்டம் இல்லை. என் குற்றவாளி இதுதான், பாதி ரேடியேட்டர் சில்லென்று இருந்தது.

ஐந்தாவது வாட்டர் பம்ப். அதன் கீழே உள்ள சிறு ஓட்டையில் கசிவின் கறை, புல்லியைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம், இரண்டில் ஒன்று இருந்தால் மாற்றுங்கள்.

ஹெட் கேஸ்கட்தானா? சோதனைகள்

ஆயில் மூடியின் அடியில் மோர்போல வெள்ளைப் படலம் இருந்தாலே எல்லோரும் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். ஆடி மாதச் சாரலில், பூப்பாறையிலிருந்து சாந்தன்பாறைக்கும் திரும்பவும் என்று சிறு தூரம் மட்டும் ஓடும் வண்டியில் ஆயில் முழுதாகச் சூடாகாது. உள்ளே படிந்த ஈரம் மூடியடியில் நுரையாக நிற்கும். அதைத் துடைத்துவிட்டு ஒரு நாள் தேனி வரை நன்றாக ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். திரும்ப வராவிட்டால் வெறும் பனி. டிப்ஸ்டிக்கிலும் பால் கலந்த காபி நிறம் இருந்தால், ஆயில் அளவு முன்பைவிட உயர்ந்திருந்தால், வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

புகையும் அப்படித்தான். குளிர்ந்த காலையில் எல்லா வண்டியும் வெள்ளையாக ஊதும். அந்த ஆவி சைலன்சரை விட்டு நாலு அடி போனதும் காணாமல் போகும், இன்ஜின் சூடானதும் நின்றுவிடும். கூலன்ட் எரியும் புகை அடர்த்தியாக, காற்றில் தங்கி, லேசான இனிப்பு வாடையோடு, சூடான பிறகும் தொடரும். நீலமாக இருந்தால் ஆயில் எரிகிறது, கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். அவை வேறு கதை.

குமிழிச் சோதனைக்குச் செலவே கிடையாது. ஆறிய இன்ஜினில் ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். ரிசர்வ் பாட்டிலுக்குப் போகும் சிறு குழாயின் நுனி தண்ணீருக்குள் இருக்கட்டும். ஸ்டார்ட் செய்து, சூடேறும் முன்பே அந்த நுனியைப் பாருங்கள். முதலில் ஓரிரு குமிழி வருவது சாதாரணம். சோடா பாட்டிலைப் போல நிற்காமல் வந்தால், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்ததும் அதிகமானால், சிலிண்டரின் வெடிப்பு வாயு தண்ணீருக்குள் புகுகிறது. எந்தச் சிலிண்டர் என்பதையும் இதிலேயே பிடிக்கலாம். இன்ஜினை அணைத்து, ஒரு பிளக்கின் வயரை எடுத்து, வேறொரு பழைய பிளக்கில் மாட்டி, அதை இன்ஜின் இரும்பில் படும்படி கட்டிவிட்டு மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போது வெறுங்கையால் வயரைப் பிடுங்கினால் ஷாக் அடிக்கும். எந்தச் சிலிண்டரை இப்படி ஊமையாக்கும்போது குமிழி குறைகிறதோ அதுதான் ஆள். எனக்கு இரண்டாவது.

கம்ப்ரஷன் பார்ப்பது அடுத்து. கேஜ் வாங்க வேண்டியதில்லை, டூவீலர் மெக்கானிக் யாரிடமாவது இரவல் கிடைக்கும். மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் இணைப்பைப் பிரித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் நாலைந்து விநாடி ஸ்டார்ட்டர் அடியுங்கள். பேட்டரி நன்றாக இருக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள பழைய சிறு பெட்ரோல் இன்ஜின் 150, 160 பிஎஸ்ஐ காட்டும். மூன்றுக்கும் இடையே வித்தியாசம் 15-க்குள் இருந்தால் கவலை இல்லை. என் வண்டி காட்டியது 160, 85, 80. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் ஒன்றாக விழுந்திருந்தால், இரண்டுக்கும் நடுவே தகட்டில் உள்ள குறுகிய பாலம் எரிந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட எழுதியே தந்துவிடலாம். ஒன்றே ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.

அதையும் பிரித்துச் சொல்ல பஞ்சர் கடை கம்ப்ரஸர் போதும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து அதில் டியூப் வால்வை வெல்ட் வைத்துத் தரச் சொல்லுங்கள், எங்கள் ஊர் மெக்கானிக்குகளிடம் அந்த ஐட்டம் இருக்கும். சிலிண்டரில் இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலைக்குப் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, வண்டியைக் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் எதுவும் மாட்டியிருக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு காற்று ஏற்றுங்கள். கார்புரேட்டரில் உஸ் என்றால் இன்லெட் வால்வு. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் மூடி வழியாக என்றால் ரிங். ரேடியேட்டரில் குமிழி கிளம்பினால் கேஸ்கட், அல்லது ஹெட்டில் விரிசல். பக்கத்துப் பிளக் ஓட்டையில் காற்று வந்தால் பாலம் எரிந்துபோயிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. வண்டி இரவெல்லாம் நின்றபின் காலையில் ஸ்டார்ட்டர் "டக்" என்று முட்டி நின்றால் மறுபடி அடிக்காதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் நிறைந்திருக்கலாம். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு அடியுங்கள்.

ரேடியேட்டரில் மஞ்சள்பொடி போடச் சொல்வார்கள், ஒழுகலை அடைக்கும் திரவ டப்பாக்களும் கடையில் உண்டு. ரேடியேட்டரில் ஊசி ஓட்டை என்றால் மஞ்சள்பொடி ஊர் போய்ச் சேர்க்கும், நானே செய்திருக்கிறேன். எரிந்துபோன ஹெட் கேஸ்கட்டை அது அடைக்காது. ஏற்கெனவே பாதி அடைத்த ரேடியேட்டரை முழுசாக அடைக்கும்.

வாங்கி வைக்க வேண்டியவை

தனிக் கேஸ்கட் வாங்காதீர்கள், "ஹெட் செட்" என்று கேளுங்கள். மேனிஃபோல்ட் கேஸ்கட்டுகள், வால்வு சீல், மேல் மூடி ரப்பர் எல்லாம் அதில் இருக்கும். டைமிங் பெல்ட், அதன் டென்ஷனர், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, ஹோஸ்கள், ஆயில், ஃபில்டர், கூலன்ட். எப்படியும் இவ்வளவு கழற்றுகிறோம், பழைய பெல்ட்டைத் திரும்ப மாட்டுவது சிக்கனமே இல்லை. ஹெட் போல்ட்டை இத்தனை டிகிரி கோணம் முறுக்கு என்று மேனுவல் சொல்லும் வண்டி என்றால் போல்ட்டும் புதிது வேண்டும், அவை ஒரு தடவை இழுபட்டால் முடிந்தது. வெறும் டார்க் (முறுக்கு விசை) எண் மட்டும் தந்திருந்தால், பழைய போல்ட்டுகளை வரிசையாக நிறுத்தி உயரம் ஒப்பிட்டு, மரை நன்றாக இருந்தால் பயன்படுத்தலாம்.

கருவிகளில் டார்க் ரெஞ்ச் மட்டும் பேரம் பேச முடியாதது. "கை அளவு தெரியும்" என்று சொல்லி நீளக் குழாய் மாட்டி முறுக்குகிறவரிடம் ஹெட்டைக் கொடுக்காதீர்கள்.

கழற்றுவது

முந்தின நாள் இரவே எக்ஸாஸ்ட் நட்டுகளில் துரு இளக்கும் ஆயிலை அடித்து வைத்துவிடுங்கள். காலையில் பேட்டரி மைனஸ். பிறகு கூலன்டை ஒரு பேசினில் வடியுங்கள். கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். நாயோ கன்றுக்குட்டியோ நக்கிவிடாமல் உடனே மூடி வையுங்கள்.

கார்புரேட்டரைச் சுற்றி ஓடும் சிறு சிறு வேக்கம் குழாய்கள்தான் முதல் தடவை செய்கிறவரைக் கவிழ்ப்பவை. எடுப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு குழாய்க்கும் அது உட்காரும் வாய்க்கும் ஒரே எண் எழுதிய டேப் ஒட்டுங்கள். பெட்ரோல் குழாயின் வாயை அடையுங்கள். பிறகு கிராங்க்கைத் திருப்பி, புல்லியிலும் கேம் சக்கரத்திலும் உள்ள குறிகளை நேருக்கு நேர் கொண்டுவந்து, டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் பெயின்டால் குறித்துவிட்டு பெல்ட்டை எடுங்கள். எடுத்தபின் கேமையோ கிராங்க்கையோ திருப்பாதீர்கள், சில இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

ஹெட் போல்ட்டுகளை முழுக்க ஆறிய இன்ஜினில்தான் தளர்த்த வேண்டும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, எல்லாவற்றையும் முதலில் கால் சுற்று, பிறகு அரைச் சுற்று, அப்புறம் முழுதாக. ஒரு அட்டைப் பெட்டியில் ஹெட்டின் வடிவத்தை வரைந்து, அதே இடங்களில் ஓட்டை போட்டு, போல்ட்டுகளை அதில் குத்தி வையுங்கள். ஹெட் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இடுக்கில் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பாதீர்கள், அலுமினியம் வெட்டிவிடும். மேனிஃபோல்ட் பக்கத்தைப் பிடித்து ஆட்டி, மரச்சுத்தியால் லேசாகத் தட்டினால் விடும். தூக்கியதும் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள், முகம் தரையில் படக் கூடாது.

தகட்டைப் படியுங்கள்

இந்த வேலையில் எனக்குப் பிடித்த நிமிஷம் இதுதான். பழைய கேஸ்கட்டைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். என்னுடையதில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர் வளையங்களுக்கு நடுவே விரல் நகம் அகலத்துக்கு உலோக விளிம்பே இல்லை, கரி கோடு மட்டும். அந்தக் கோட்டின் ஒரு கிளை இரண்டாவது சிலிண்டர் பக்கமிருந்த தண்ணீர் ஓட்டை வரை போயிருந்தது. பிஸ்டன்களைப் பார்த்தால் ஒன்றும் மூன்றும் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. இரண்டாவதின் தலை மட்டும் புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குத்துவிளக்கைப் போல மின்னியது. உள்ளே புகுந்த தண்ணீர் ஆவியாகி ஆவியாகி அதைக் கழுவியிருக்கிறது. கம்ப்ரஷன் கேஜும் குமிழியும் சொன்னதை அந்தப் பிஸ்டன் ஒப்புக்கொண்டது.

தகட்டில் எங்குமே எரிந்த தடம் இல்லை என்றால் நின்று யோசியுங்கள். ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல் இருக்கலாம். புதுக் கேஸ்கட் அதைச் சரிசெய்யாது.

சுத்தம், மட்டம், லேத்

பிளாக்கின் சிலிண்டர்களில் துணியை அடைத்துவிட்டு, பழைய கேஸ்கட் ஒட்டலை மரத்துண்டாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ எடுங்கள். கிரைண்டர் பிரஷ், உப்புத்தாள் சக்கரம் வேண்டாம். அலுமினியத்தில் பள்ளம் விழும், அதன் பொடி ஆயிலில் சேர்ந்தால் பேரிங் போகும். பொறுமையாகச் செய்தால் ஒரு மதியம் போகும், போகட்டும். போல்ட் ஓட்டைகளில் தேங்கிய ஆயிலையும் தண்ணீரையும் உறிஞ்சி எடுப்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அடியில் திரவம் இருக்கும்போது போல்ட்டை முறுக்கினால் அது இறங்க இடமில்லாமல் பிளாக்கை வெடிக்க வைக்கும், இல்லாவிட்டால் டார்க் ரெஞ்சில் பொய் எண்ணைக் காட்டும்.

மட்டம் பார்க்கப் பள்ளிக்கூட ஸ்கேல் போதாது, லேத் கடையில் ஸ்ட்ரெயிட் எட்ஜ் இருக்கும். ஹெட் முகத்தில் நீளவாக்கில் இரண்டு, குறுக்கே இரண்டு, மூலைவிட்டமாக இரண்டு என்று ஆறு தடவை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். இப்படிப்பட்ட சிறு இன்ஜின்களுக்கு 0.05 மி.மீ. தகடு நுழைந்தாலே வரம்பு தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு நடுவில் 0.15 நுழைந்தது. பிளாக் முகத்தையும் இதேபோல் பாருங்கள், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஹெட்டைச் சாக்கில் சுற்றி மதுரைக்கு எடுத்துப் போனேன். லேத்தில் சொல்ல வேண்டியவை மூன்று. முதலில் சுடுதண்ணீரில் அழுத்தம் கொடுத்து விரிசல் பாருங்கள், அதில் பாஸானால்தான் மற்ற வேலை. இரண்டாவது, முகம் அடிப்பது, அதாவது சீவி மட்டமாக்குவது, குறைந்தபட்சம் போதும், எவ்வளவு எடுத்தீர்கள் என்று எழுதித் தாருங்கள். அதிகம் எடுத்தால் கம்ப்ரஷன் ஏறி நாக்கிங் அடிக்கும், மேனுவல் வரம்பைத் தாண்டினால் வேறு ஹெட்தான். மூன்றாவது, வால்வு தேய்த்து சீல் மாற்றுங்கள். வந்ததும் போர்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தால் வால்வு ஓரத்தில் கசிகிறதா என்று வீட்டிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, லேத்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஹெட் வளைந்தால் அடி முகம் மட்டும் வளைவதில்லை, மேலே கேம்ஷாஃப்ட் உட்காரும் தொட்டில்களும் சேர்ந்து வளையும். அடி முகத்தை நேராக்கினாலும் மேல் வரிசை கோணலாகவே இருக்கும். அதனால் ராக்கர்கள் இல்லாமல் கேமை மட்டும் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். ஓரிடத்தில் பிடித்தால் அந்த ஹெட்டை மாட்டிப் பயனில்லை. "பழைய ஹெட்டுக்கு மூச்சு இருக்கான்னு கேமைக் கேளுங்க சார்" என்றார் அவர்.

மாட்டுவது

புதுக் கேஸ்கட்டில் மேல்பக்கம் எது என்று குறி இருக்கும். குறி இல்லாவிட்டால் பிளாக்கின் ஆயில் ஓட்டையோடு தகட்டின் ஓட்டை பொருந்துகிறதா என்று பார்த்து வையுங்கள். தலைகீழாகப் போட்டால் மேலே ராக்கருக்கு ஆயில் ஏறாது. மேனுவல் சொன்னால் தவிர எந்தப் பசையும், கிரீஸும், ஷெல்லாக்கும் தடவாதீர்கள். முகங்கள் உலர்ந்து, கைரேகை எண்ணெய்கூட இல்லாமல் இருக்க வேண்டும். வழிகாட்டிக் குச்சிகள் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து ஹெட்டை நேராக இறக்குங்கள், உட்கார்ந்தபின் நகர்த்திச் சரிசெய்வது கூடாது.

போல்ட் மரையில் ஒரு துளி ஆயில். முறுக்குவது கழற்றியதற்கு நேர்மாறு, நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி. மேனுவல் 60 நியூட்டன் மீட்டர் என்று சொன்னால் முதல் சுற்று 20, அடுத்து 40, கடைசியாக 60. ஒவ்வொரு சுற்றிலும் அதே வரிசை, இழுப்பு சீராக, நிறுத்தி நிறுத்தி அல்ல. எந்தப் போல்ட்டாவது இறுகாமல் மெழுகு மாதிரி சுற்றிக்கொண்டே போனால் நிறுத்துங்கள், மரை போயிருக்கிறது. அதற்கு ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாக உள்ளே போடும் கம்பிச் சுருள்) போடும் இடம் தேட வேண்டும்.

குறிகளைச் சேர்த்து பெல்ட்டை மாட்டி, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கேயும் முட்டாமல், குறிகள் திரும்ப நேருக்கு நேர் வந்தால்தான் சாவியைத் தொடலாம். டேப்பட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ளது) மேனுவல் அளவுக்கு வையுங்கள், வால்வு தேய்த்த ஹெட்டில் அது மாறியிருக்கும். குழாய்களை டேப் எண்படி மாட்டுங்கள். அடைத்த ரேடியேட்டரை இப்போதே சுத்தம் செய்யக் கொடுத்துவிடுங்கள், அல்லது மாற்றுங்கள். நான் மாற்றினேன்.

நிரப்பி ஓட்டிப் பார்ப்பது

கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி. கலந்தே விற்பதை வாங்கினால் அதில் மறுபடி தண்ணீர் சேர்க்காதீர்கள். ஹீட்டர் இருந்தால் அதன் குமிழைச் சூடான பக்கம் வைத்து, வண்டியின் மூக்கு கொஞ்சம் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, மூடி திறந்தபடியே மெதுவாக ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸைப் பிசைந்து பிசைந்து விட்டால் உள்ளே சிக்கிய காற்று கிளுக் கிளுக் என்று வெளியேறும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் நிலைத்தபின் மூடுங்கள். சைலன்சரில் தங்கியிருந்த பழைய தண்ணீர் எரிந்து தீரும் வரை பத்து, பதினைந்து நிமிஷம் வெள்ளைப் புகை வரும். வேலை தோற்றுவிட்டதோ என்று நான் அந்த நேரத்தில் வியர்த்தது தனிக்கதை. ஃபேன் ஒரு தடவை தானாக ஓடி நிற்கும் வரை அணைக்காதீர்கள். இக்னிஷன் டைமிங்கை லைட் வைத்துச் சரிபாருங்கள்.

பழைய ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் புது ஆயிலை 100 கிலோமீட்டருக்குள் இன்னொரு தடவை மாற்ற வேண்டும், ஃபில்டரோடு. வலிக்கும், செய்யுங்கள். சில மேனுவல்கள் ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்கச் சொல்லும், சில வேண்டாம் என்று சொல்லும். உங்கள் வண்டிக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள்.

முதல் வாரம் சமவெளியில் ஓட்டுங்கள். அப்புறம் ஒரு நாள் அதிகாலையில், வெயிலுக்கு முன், மலை ஏறுங்கள். டிக்கியில் ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் இருக்கட்டும். முள் நடுவைத் தாண்டினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். அதுவும் ஒரு சிறு ரேடியேட்டர்தான், உங்களுக்கு வியர்க்கும், இன்ஜின் பிழைக்கும். சிவப்பைத் தொட்டால் எந்த வளைவாக இருந்தாலும் ஓரம் கட்டி அணையுங்கள். முக்கால் மணி நேரம் விடுங்கள். கொதிக்கும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வளையாத ஹெட்டும் வெடிக்கும்.

ஏறி இறங்கி வந்தபின் வண்டியை இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யாமல் பானட்டைத் திறந்து மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். கேஸ்கட் கசிந்தால் வெடிப்பு வாயு உள்ளே தங்கி, ஆறிய ஹோஸும் சைக்கிள் டியூப் மாதிரி விறைத்திருக்கும். என்னுடையது வேகவைத்த வாழைக்காய் மாதிரி அமுங்கியது. ரிசர்வ் பாட்டிலில் நேற்று பேனாவால் போட்ட கோட்டிலேயே கூலன்ட் நின்றது.